இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவும் விமானப் பயண நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரம் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. முதல் கேள்விக்கு நிலையான விடை உண்டு. இரண்டாவதன் விடையோ திசையையும் பருவத்தையும் அன்றைய காற்றையும் பொறுத்து மாறுகிறது. தொலைவை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிட்டு, அதை நம்பி அடுத்த விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால், சில விடைகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இரு நகரங்களுக்கு இடையிலான ஆகாயத் தொலைவு என்பது எதைக் குறிக்கிறது?

பூமியின் மேற்பரப்பை ஒட்டியபடி இரு புள்ளிகளுக்கு இடையே செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளத்தையே அது குறிக்கிறது. பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு மேற்பரப்பில் வரையப்படும் வட்டத்தைப் பெருவட்டம் என்பார்கள். இரு நகரங்களையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்தான் நமக்கு வேண்டிய தொலைவு. இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் தெரிந்தால், 6,371 கி.மீ. என்ற பூமியின் சராசரி ஆரத்தை வைத்து, பள்ளிக்கூடத் திரிகோணவியலைக் கொண்டே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், உலகின் எந்த இரு நகரங்களுக்கு இடையிலும் இந்தத் தொலைவு 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது. அதைவிடக் கூடுதலான எண்ணை எங்கேனும் பார்த்தால், அது சுற்றுவழியின் நீளமாகவோ கணக்குப் பிழையாகவோதான் இருக்க வேண்டும்.

ஒரே இரு நகரங்களுக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு எண்கள் தரப்படுவது ஏன்?

பெரும்பாலும், அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. ஒருவர் நகரத்தின் மையப் புள்ளியிலிருந்து அளப்பார், மற்றவர் விமான நிலையத்திலிருந்து அளப்பார். டோக்கியோ நகர மையத்திலிருந்து நரிட்டா விமான நிலையம் 60 கி.மீ. அளவுக்குத் தள்ளி இருக்கிறது. அதே நகரத்தின் ஹனேடா விமான நிலையமோ நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே டோக்கியோ என்று மட்டும் சொன்னால் விடையில் சில பத்து கிலோமீட்டர்கள் முன்பின் ஆகத்தான் செய்யும்.

பூமியின் வடிவம் இரண்டாவது காரணம். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. பூமியைச் சீரான கோளமாகக் கொண்டு கணக்கிடுவதற்கும், துருவங்களில் தட்டையான நீள்கோளமாகக் கொண்டு கணக்கிடுவதற்கும் இடையே அதிகபட்சமாக அரை விழுக்காடு அளவுக்கு வேறுபாடு வரலாம். பயணிக்கு இது பொருட்டே இல்லை.

அலகுகளில் ஏற்படும் குழப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானத் துறையும் கப்பல் துறையும் பயன்படுத்தும் கடல் மைல் சரியாக 1.852 கி.மீ. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் தொலைவு 15 விழுக்காடு வரை தவறிவிடும்.

சாலைத் தொலைவு ஏன் எப்போதும் கூடுதலாக இருக்கிறது?

மலையும் ஆறும் கடலும் குறுக்கிடுவதால்தான். ஃபின்லாந்தின் ஹெல்சின்கியும் எஸ்தோனியாவின் தாலினும் ஆகாய வழியில் 80 கி.மீ. அளவிலேயே இருக்கின்றன. ஆனால் இடையில் உள்ள வளைகுடாவைச் சுற்றிச் சாலை வழியாகச் செல்ல 700 கி.மீ.க்கு மேல் ஆகும்.

வரைபடத்தில் விமானப் பாதை வில்லாக வளைந்து தெரிவது ஏன்? நேராகப் போனால் தூரம் குறையாதா?

வளைந்து தெரியும் அந்தப் பாதைதான் உண்மையில் குறுகிய பாதை. நாம் வழக்கமாகப் பார்க்கும் உலக வரைபடம் 1569-இல் வரைபட அறிஞர் மெர்கேட்டர் உருவாக்கிய முறையில் அமைந்தது. கடலோடிகள் திசைமானியைக் கொண்டு ஒரே திசையில் செல்வதற்கு உதவியாக அமைக்கப்பட்ட அந்த முறையில், துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாக்கிக் காட்டப்படும். கோளத்தின் மேற்பரப்பைத் தட்டையான தாளில் விரிக்கும்போது இப்படி ஏதாவது ஒன்று சிதைவதைத் தவிர்க்கவே முடியாது.

நியூயார்க்கும் டோக்கியோவும் முறையே 41, 36 பாகை வடக்கு அட்சரேகைகளை ஒட்டி இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால், பசிபிக் கடலைக் குறுக்காகக் கடப்பதே நேர்வழி என்று தோன்றும். அப்படி ஒரே அட்சரேகையை ஒட்டிப் பறந்தால் சுமார் 12,800 கி.மீ. ஆகும். பெருவட்ட வழியோ 70 பாகை வடக்கு வரை ஏறி, அலாஸ்காவின் வடகோடியைத் தொட்டு இறங்குகிறது. அதன் நீளம் 10,800 கி.மீ. அளவுதான். வீட்டில் உலக உருண்டை இருந்தால், இரு நகரங்களின் மேலும் ஒரு நூலை வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து அலாஸ்காவின் மேல் போய் நிற்பதைக் காணலாம்.

தொலைவை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. குறுகிய பயணங்களில் அந்தக் கணக்கு வெகுவாகத் தவறிப்போகும்.

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் உயரத்தில் சீராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தில் 78 விழுக்காடு அளவில் செல்கின்றன. நெடுந்தூரம் செல்லும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவை 85 விழுக்காடு அளவில் செல்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி அளவுக்குக் குறைந்திருப்பதால், அங்கே ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ.தான். ஆக, இவ்விமானங்களின் வேகம் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வரை அமைகிறது. ஆனால் பயணத்தின் ஒரு பகுதியில் மட்டுமே விமானம் இந்த வேகத்தில் பறக்கிறது.

1,000 கி.மீ. பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விமானம் கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஓடுபாதை முனை வரை ஊர்ந்து சென்று, தன் முறைக்காகக் காத்திருப்பதில் 15 நிமிடம் கழிகிறது. முழு உயரத்துக்கு ஏறுவதற்கு 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் 200 கி.மீ. அளவு கடந்திருக்கும். இறங்குவதும் சேருமிடத்துக்கு 200 கி.மீ. முன்பாகவே தொடங்கிவிடும். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, வரிசையில் சேர்ந்து, ஓடுபாதையின் திசைக்குத் திரும்பித் தரையிறங்க 25 நிமிடம். இடையில் எஞ்சிய 600 கி.மீ.யை முழு வேகத்தில் கடக்க 43 நிமிடம். தரையிறங்கிய பின் கேட்டை அடைய ஏழெட்டு நிமிடம். மொத்தம் ஒரு மணி 50 நிமிடம் ஆகிறது. வெறுமனே வகுத்திருந்தால் ஒரு மணி 12 நிமிடம் என்றுதான் வந்திருக்கும்.

விமானத்தின் சக்கரங்களுக்கு அடியில் வைத்திருக்கும் தடுப்புக் கட்டைகள் எடுக்கப்படுவதிலிருந்து, சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கப்படுவது வரையிலான நேரத்தைத் துறையில் உள்ளவர்கள் ‘பிளாக்’ நேரம் என்கிறார்கள். டிக்கெட்டில் பயண நேரம் என்று அச்சிடப்படுவது இதுதான். வானில் இருக்கும் நேரம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கையால் தோராயமாகக் கணக்கிட ஏதேனும் வழி உண்டா?

உண்டு. கிலோமீட்டரில் உள்ள தொலைவை 850-ஆல் வகுத்து, வருகிற மணிக்கணக்குடன் 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 5,540 கி.மீ.; கணக்கின்படி ஏழு மணி பத்து நிமிடம் வரும். உண்மையில் லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் அட்டவணையில் ஒதுக்கப்படுகின்றன. நம் கணக்கு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

போகும்போது ஒரு நேரமும் திரும்பும்போது வேறு நேரமும் ஆவது ஏன்?

காற்றுதான் காரணம். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மிதவெப்ப மண்டலங்களுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று அழைக்கப்படும் இதன் வேகம் மணிக்கு 150 கி.மீ.யிலிருந்து, சில நாட்களில் 300 கி.மீ.க்கு மேலும் செல்லும். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு குளிர்காலத்தில் அதிகமாக இருப்பதால், அப்போது இதன் வலுவும் கூடுகிறது. ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓஇஷி 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றைக் கண்டறிந்து, 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகம் அதைக் கவனிக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு இது பின்காற்று, மேற்கு நோக்கிப் பறப்பதற்கு எதிர்க்காற்று. கிழக்கே செல்லும் விமானத்தில் உங்கள் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரைவேகம் என்ற வரியைப் பாருங்கள். மணிக்கு 1,050, 1,100 கி.மீ. என்றெல்லாம் காட்டும். விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை அது தன் வழக்கமான வேகத்தில்தான் செல்கிறது. அந்தக் காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு பெரும்புயலின் போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைக் கடந்திருந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்கு அப்படி வராது. 5,400 கி.மீ. தொலைவை மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், காற்றே இல்லாமல் பறந்தால் போகவர 12 மணி நேரம். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் ஒரு பக்கம் 5 மணி 24 நிமிடமும் மறுபக்கம் 6 மணி 45 நிமிடமும் ஆகும். கூட்டினால் 12 மணி 9 நிமிடம். எதிர்க்காற்றில் கழியும் நேரம் எப்போதுமே நீளமானது என்பதால், காற்று பயணியிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே விடுகிறது.

காற்றுக்காகத் தொலைவையே கூட்டிக்கொள்வதும் உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் பறந்துவந்த ஏர் இந்தியா, 2016-இல் கிழக்கே திரும்பிப் பசிபிக் வழியாகப் பறக்கத் தொடங்கியது. அவ்வழி 1,000 கி.மீ.க்கு மேல் கூடுதல் நீளம் கொண்டது. ஆனாலும் பின்காற்றின் துணையால் பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. வட அட்லாண்டிக் கடலின் மேலுள்ள விமானத் தடங்களும் நிலையானவை அல்ல; அன்றைய காற்றைப் பார்த்து, நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கப்படுகின்றன.

வடக்கு தெற்காகச் செல்லும் பயணங்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவு.

பூமி சுழல்வதால்தானே மேற்கே செல்லும் பயணம் குறுகியதாக இருக்க வேண்டும்?

இல்லை. பூமி சுழலும்போது அதன் காற்று மண்டலமும், ஓடுபாதையில் நிற்கும் விமானமும் உடன் சுழல்கின்றன. விமானம் மேலெழும்பிய பின்னும் அந்தச் சுழற்சி வேகத்தை இழப்பதில்லை. ஆகவே ஊர் தானாக நகர்ந்து நமக்குக் கீழே வந்து நிற்காது. ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கு நோக்கி ஓடுவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அந்த வகையில் மட்டும் சுழற்சி பயண நேரத்தைத் தொடுகிறது. அதன் விளைவும் கேள்வியில் உள்ளதற்கு நேர்மாறானது.

விமானம் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?

கூடும், ஆனால் 11 கி.மீ. உயரம் பூமியின் ஆரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. லண்டன்–நியூயார்க் பயணத்தில் இதனால் சேர்வது 10 கி.மீ.க்கும் குறைவு.

விமானங்கள் எப்போதும் குறுகிய வழியில்தான் செல்கின்றனவா?

அப்படிச் செல்ல முடிவது அரிது. 2022-இல் ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேர அளவில் இருந்த பயணம் 13 மணி நேர அளவுக்கு நீண்டது. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. வரைபடத் தொலைவிலும் மாற்றமில்லை. இரு நாடுகளுக்கு இடையே பகை மூண்டால் அதன் விலையை, மூன்றாவது நாட்டின் பயணியும் தன் நேரத்தில் செலுத்துகிறார்.

நிலத்தின் அமைப்பும் வழியைத் தீர்மானிக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி 10,000 அடி, அதாவது 3 கி.மீ. உயரத்துக்கு உடனே இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே 4 கி.மீ.க்கு மேல் இருப்பதால், அங்கே இறங்குவதற்கு இடமில்லை. எனவே பெரும்பாலான வழித்தடங்கள் அதை விட்டு விலகிச் செல்கின்றன.

இரண்டு எஞ்சின் கொண்ட விமானங்களுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு எஞ்சின் நின்றுபோனால், மற்றொன்றைக் கொண்டே குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் அவை வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். இந்த வரம்பு ஒரு காலத்தில் 60 நிமிடமாக இருந்து, 1985-இல் 120 நிமிடமாக உயர்ந்து, இன்று ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பெருங்கடல்களின் மேல் இப்போது நேர்வழியில் பறக்க முடிவது இதனால்தான்.

இரவு 9 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 9 மணிக்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, அது எப்படி?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் தரப்படுகின்றன. டோக்கியோவின் நேரம் உலகப் பொதுநேரத்தைவிட 9 மணி முன்னால், ஹோனலூலுவின் நேரம் 10 மணி பின்னால். இடையில் 19 மணி நேர வேறுபாடு. டோக்கியோவில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு ஏழு மணி நேரம் பறந்தால், அங்கே மறுநாள் அதிகாலை 4 மணி. அந்நேரம் ஹோனலூலுவில் புறப்பட்ட அதே நாள் காலை 9 மணி.

உண்மையான பயண நேரம் தெரிய வேண்டுமானால், இரு நேரங்களையும் உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். எல்லா நாடுகளும் முழு மணிக்கணக்கில் வேறுபடுவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரம் முன்னால், நேபாளம் ஐந்தே முக்கால் மணி நேரம் முன்னால்.

கோடைகால நேரம் இன்னொரு பொறி. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு அன்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு அன்றும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான வேறுபாடு ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணியாகிவிடும். சேருமிடத்தில் யாரேனும் அழைத்துச் செல்ல வருவதாக இருந்தால், மார்ச் மாதத்தில் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துச் சொல்வது நல்லது.

தாமதமாகப் புறப்பட்ட விமானம் குறித்த நேரத்துக்கே வந்து சேருவது எப்படி?

வானில் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டுவதற்கு மிகக் குறைந்த இடமே உண்டு. நெரிசலும் காற்றும் எப்படி இருந்தாலும் சொன்ன நேரத்துக்குச் சேர வேண்டும் என்பதற்காக, விமான நிறுவனங்கள் அட்டவணையிலேயே கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைக்கின்றன. தாமதம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

இன்றைய விமானங்கள் பழையவற்றைவிட வேகமானவையா?

இல்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடையும், அதனால் எரிபொருள் செலவும் செங்குத்தாக ஏறுகின்றன. ஆகவே 1960-களின் ஜெட் விமானங்களுக்கும் இன்றையவற்றுக்கும் வேகத்தில் பெரிய மாற்றமில்லை. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச்சென்ற கான்கார்ட், ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்தது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே அது வந்து சேர்ந்திருக்கிறது.

இடைநில்லாப் பயணங்களில் மிக நீளமானதும் மிகக் குறுகியதும் எவை?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 15,300 கி.மீ.க்கு மேல், 18 மணி நேரத்தைத் தாண்டும் பயணம். மறுமுனையில், ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே மூன்று கி.மீ.கூட இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இணைப்பு விமானத்தில் செல்லும்போது மொத்த நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

இரு பயணங்களின் பிளாக் நேரத்தையும் இடையில் உள்ள காத்திருப்பையும் கூட்ட வேண்டும். காத்திருப்பை அளக்கும்போது, முதல் விமானம் சேரும் நேரத்திலிருந்து இரண்டாவது விமானத்தின் புறப்பாடு வரை எண்ணாதீர்கள். கதவு புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடப்பட்டுவிடும். முதல் விமானத்தின் பின்வரிசையிலிருந்து இறங்கி வெளியே வரவே கால் மணி நேரம் ஆகலாம். ஆக, அட்டவணையில் 75 நிமிடம் என்று இருந்தால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது 40 நிமிடம்தான். அதற்குள் பாதுகாப்புச் சோதனையும் சில இடங்களில் குடிநுழைவுச் சோதனையும் அடங்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவை முடித்து, பெட்டிகளையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

இரு பயணங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், குளிர்காலத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் நெடும்பயணத்துக்குப் பிறகு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு அடுத்த விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.